சாய்த்து மாட்டிய கரும்பலகை

ஜன்னலம்மாவைக் கூட்டிக்கொண்டு வாடகை வீடு பார்க்கப் போனவர்கள் யாரும் இரண்டாம் முறை கூப்பிட்டதில்லை. வீட்டுக்காரர் பாவம், குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைக் காட்டுவார், அலமாரியைத் திறந்து கரையான் இல்லாததைக் காட்டுவார். ஜன்னலம்மா எதையும் கண்டுகொள்ள மாட்டார். எரிகிற விளக்குகளையெல்லாம் பட்பட்டென்று அணைப்பார். கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் எடுப்பார். தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் பென்சிலை நட்டமாகப் பிடித்துக்கொண்டு, விழுகிற நிழலைக் குனிந்து பார்ப்பார். நிழலின் ஓரம் கத்தியால் கீறியது போல இருந்தால் உதட்டைப் பிதுக்குவார். ஓரம் கரைந்து மெத்தென்று இருந்தால் முகமெல்லாம் பல்லாகிவிடும். "நீ வீடு பார்க்க வந்தியா, நிழல் பார்க்க வந்தியா?" என்று அவருடைய கணவர் தலையில் அடித்துக்கொள்வார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடமாக அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பெரிய படிப்பு படித்து, பட்டம் வாங்கி, சுவரில் மாட்டி வைத்திருப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடங்கள் கட்டித் தருகிற அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடுகிறவர், அவ்வளவுதான். இன்ஜினியர்கள் வாயால் சொல்வதைக் கோடாக்கித் தருவது அவர் வேலை. ஆனால் கோடு போடும்போதே, "சார், இந்த ஜன்னலை அரை அடி ஏத்தினா என்ன?" என்று ஆரம்பித்துவிடுவார். வேண்டாம் என்றால் மறுநாள் திரும்பவும் கேட்பார். அந்த நச்சரிப்பில்தான் அலுவலகத்தில் அவருக்கு ஜன்னலம்மா என்று பெயர் விழுந்தது. யாரோ கேலியாக வைத்த பெயர். அவருக்கோ அது கிரீடம் வைத்த மாதிரி.

இந்த ஜன்னல் பைத்தியம் அவருக்கு எங்கிருந்து பிடித்தது என்று சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

அவர் பிறந்த வீடு ஒரே நீள அறை. முன்னால் கதவு, பின் கோடியில் ஒரு ஜன்னல். நடுவில் பகலிலும் இருட்டு. ஜன்னலை ஒட்டி ஒரு நீள மேசை கிடக்கும். அது அண்ணனின் மேசை. அண்ணனுக்கும் அவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அப்பா போன பிறகு அந்த வீட்டில் சம்பாதித்தவர் அண்ணன்தான். வாட்ச் பழுது பார்ப்பவர். ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு, கடுகைவிடச் சின்னத் திருகுகளை இடுக்கியால் எடுத்து வைப்பார். தும்மக்கூட அண்ணனிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று அம்மா சிரிப்பார்.

ஜன்னலம்மாவுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர் வாங்கியிருந்தார். தரையில் உட்கார்ந்து, மூக்கு நோட்டில் இடிக்கிற மாதிரி குனிந்து, வரிக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக எழுதுவார். ஒருநாள் அண்ணன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, தன் சாமான்களை ஒவ்வொன்றாக மேசையின் மறுகோடிக்கு, அறையின் இருட்டுப் பக்கத்துக்கு நகர்த்தினார். ஒரு சின்ன மேசை விளக்கை வைத்துக்கொண்டார்.

"பாப்பா, இங்க வா. ஜன்னல் பக்கம் நீ உட்காரு."

"அப்போ நீ?"

"எனக்கு அந்த வெளிச்சம் ஆகாது. வாட்ச் கண்ணாடியில பட்டுக் கண்ணு கூசுது. எங்க தொழிலுக்கு இருட்டுதான் லாயக்கு."

பாப்பா நம்பினாள். எட்டு வயதில் அண்ணன் சொன்னால் அது வேதம் இல்லையா? நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். நோட்டின் மேல் வெளிச்சம் விழுந்தது. எழுத்து வரியில் நின்றது. அந்த வருடக் கடைசியில் மக்கு என்ற பெயர் வேறு யாருக்கோ போனது. அந்த ஜன்னலோரத்தில்தான் அவர் பள்ளிப் படிப்பை முடித்தார், வரைபடப் படிப்பை முடித்தார், முதல் வேலைக்கு விண்ணப்பம் எழுதினார். "என் தலையெழுத்தை மாத்துனது ஒரு ஜன்னல்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அண்ணன் பக்கத்தில் இருந்தால் கூடவே தலையாட்டுவார்.

வேலைக்குப் போய்ப் பல வருடங்கள் கழித்து அண்ணன் கடைத்தெருவில் ஒரு சின்னக் கடை பிடித்தார். ஜன்னலம்மா விடுவாரா? அண்ணன் செய்ததற்குக் கைமாறு செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? அளவு நாடாவோடு போய் நின்றார். கடைக்குத் தெருவைப் பார்த்து அருமையான ஒரு ஜன்னல். "அண்ணா, உனக்குத்தான் வெளிச்சம் ஆகாதே. உன் மேசையை உள் மூலையில போட்டுடலாம். ஜன்னல் பக்கம் வர்றவங்க உட்கார நாற்காலி" என்று, கண்ணை மூடிக்கொண்டு வரைந்து கொடுத்தார். அண்ணன் வரைபடத்தை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "பிரமாதம் பாப்பா" என்றார். அந்த மூலையிலேயே இருபது வருடம் உட்கார்ந்திருக்கிறார்.

இருக்கட்டும். கதைக்கு வருவோம்.

ஐம்பத்திரண்டு வயது வரை ஜன்னலம்மா பிறர் சொன்னதைத்தான் வரைந்தார். பாதி நாள் கழிப்பறையும் மாடிப்படியும். அப்புறம் ஒரு புண்ணிய காலம் வந்தது. ஆறு வகுப்பறை கொண்ட ஒரு தொடக்கப் பள்ளி. அலுவலகத்தில் எல்லோருக்கும் பெரிய பெரிய வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். பெரிய இன்ஜினியர், "இதை நீங்களே பார்த்துக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று மதியம் ஜன்னலம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்று மாதம் உயிரைக் கொடுத்து வரைந்தார். ஜன்னல்கள் வடக்கே, நேர் வெயில் உள்ளே குதிக்காமல் இருக்க. பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்தால் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரவேண்டும், எழுதுகிற கையின் நிழல் எழுத்தின் மேல் விழாமல் இருக்க. இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கு என்று வராந்தா ஓரத்தில் இரண்டு மேசைகளைக் குறுக்கே திருப்பிப் போட்டார். அதை யாரும் கேட்கவில்லை, அவராகவே போட்டார். கீழே வழக்கமான ஜன்னல்கள். அவற்றுக்கு வெளியே ஒரு மழைத்தடுப்பு. அதற்கு மேலே, கூரையை ஒட்டி, அறையின் முழு நீளத்துக்கும் ஒரு பட்டை மேல் ஜன்னல். அதுதான் அவருடைய செல்லப் பிள்ளை. கீழ் ஜன்னல் வெளிச்சம் பக்கத்து வரிசையோடு களைத்துவிடும். மேல் ஜன்னல் வெளிச்சமோ வெள்ளைக் கூரையில் பட்டு, வராந்தாப் பக்கத்துக் கடைசி வரிசை வரைக்கும் போய் இறங்கும். அங்கே உட்காரப் போகிற பிள்ளைக்காகத்தான் அந்த மேல் ஜன்னல்.

வரைந்ததோடு விடவில்லை. அட்டையில் ஒரு வகுப்பறையைச் செய்தார். ஒரு அடிக்கு அரை அங்குலம் என்று அளவு. கரும்பலகைக்குக் கறுப்பு வழவழத் தாள். அலுவலக மொட்டை மாடிக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய், வடக்கே திருப்பி வைத்து, சுவரில் குடைந்த துளை வழியாக ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பார். உள்ளே இரண்டே முக்கால் அங்குலத்தில் ஒரு காகித மனிதன் நிற்பான். அலுவலகத்தில் எல்லா மாதிரிகளுக்கும் அந்த மனிதனைத்தான் ஒட்டுவது வழக்கம். அவன் கண் உயரத்துக்குத்தான் துளை. காலையில் பார்த்தார், உச்சியில் பார்த்தார், சாயங்காலம் பார்த்தார். கரும்பலகை கன்னங்கரேலென்று இருந்தது. வெளிச்சம் மூலை முடுக்கெல்லாம் போனது. "ஆகா!" என்று மாடியில் தனியாக நின்று கை தட்டியவர் அவர்.

பள்ளி கட்டி முடிந்தது. பிள்ளைகள் வந்தார்கள். மூன்றாம் மாதம் புகார் வந்தது.

பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை. வராந்தாப் பக்கத்து வரிசைகளில் பாதிப் பேர் பார்த்து எழுத முடியாமல் தவிக்கிறார்கள். ஒரே வெள்ளையாக மினுங்குகிறது என்கிறார்கள். பெரிய இன்ஜினியர் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"அந்த மேல் ஜன்னலைச் செங்கல் வச்சு அடைச்சிடுங்க. ஆறு ரூமிலயும். ட்யூப் லைட் போட்டுக்கலாம். வெள்ளிக்கிழமை கொத்தனாரை வரச் சொல்லியாச்சு."

"சார், அடைச்சா அந்தக் கடைசி வரிசை இருட்டாயிடும் சார்."

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்? தெரியலைன்னு பிள்ளைங்களே சொல்லுதே. ஜன்னல் ஜன்னல்னு நீங்க பண்ணினதுதான் இது."

ஜன்னலம்மா விரலை விட்டு எண்ணிப் பார்த்தார். அன்று திங்கட்கிழமை. கையில் இருந்தது நான்கு நாள். செங்கல் வைத்துவிட்டால் யாரும் திரும்ப எடுக்கப் போவதில்லை. இனி எந்தப் பள்ளிக்கும் மேல் ஜன்னல் என்று அவர் வாயைத் திறக்கவும் முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கு ஓடினார். தலைமையாசிரியை கனத்த உடம்பும் அதைவிடக் கனத்த குரலும் கொண்டவர். அவர் "ஏய்" என்றால் வராந்தாவில் புறாக்கள் பறக்கும். ஆனால் நியாயமான மனுஷி.

"நானும் முதல்ல நம்பலைங்க. எழுத சோம்பேறித்தனம், சாக்குச் சொல்லுதுங்கன்னு ரெண்டு நாள் திட்டினேன். நான் பின்னாடி போய் நின்னு பார்த்தேன், எனக்கு எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. ஆனா ஒண்ணு பாருங்க, பொய் சொல்ற பிள்ளைங்க எல்லாரும் எப்படி ஒரே பக்கத்துல உட்கார்ந்திருக்கும்? அதான் எழுதிப் போட்டேன்."

ஜன்னலம்மா வகுப்புக்குள் போனார். வராந்தாப் பக்கத்தில் ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் நின்று பார்த்தார். கரும்பலகையில் எழுதியிருந்த அத்தனை கணக்கும் தெரிந்தது. விடை என்ன என்றுகூடச் சொல்லிவிடலாம். இடம் மாறி நின்றார், தெரிந்தது. வெளிச்சமானியை எடுத்து அளந்தார், முள் நல்ல இடத்தில்தான் நின்றது. பிள்ளைகள் இந்த அம்மாவையே வேடிக்கை பார்த்துச் சலசலக்க ஆரம்பித்தார்கள். நாலைந்து பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள். வாசலில் நின்ற தலைமையாசிரியைக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லாரும் உட்காருங்க!"

பிள்ளைகள் தொப்பென்று உட்கார்ந்தார்கள். கூடவே ஜன்னலம்மாவும் உட்கார்ந்துவிட்டார்.

ஆமாம், ஐம்பத்திரண்டு வயதுப் பெண்தான். அரசாங்க அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிறது. ஆனால் அந்தக் குரல் முழங்காலைத் தேடி வந்து தட்டினால் முழங்காலுக்கு வயது தெரியுமா என்ன? இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் இருந்த இடத்தில் பொத்தென்று விழுந்தார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அசடு வழிய நிமிர்ந்து கரும்பலகையைப் பார்த்தார்.

கரும்பலகை வெள்ளையாக இருந்தது. கணக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு பளபளப்பு மட்டும் கண்ணைக் குத்தியது.

எழுந்தார். கணக்குத் தெரிந்தது. உட்கார்ந்தார். போய்விட்டது. திரும்ப எழுந்தார், உட்கார்ந்தார். பக்கத்துச் சிறுமி, "அத்தை, எங்களுக்கும் இப்படித்தான்" என்று மெதுவாகச் சொன்னாள். "நின்னா தெரியும். ஆனா நிக்கக் கூடாதுல்ல?"

ஜன்னலம்மாவுக்குப் பொட்டில் அடித்தாற்போல விளங்கியது. நிற்கிற ஆள் பார்க்கும்போது கரும்பலகையில் பிரதிபலிப்பது கீழ் ஜன்னல். அதற்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் பழுப்புச் சுவர், கண்ணை உறுத்தாது. மூன்றடி உயரத்தில் இருக்கிற பிள்ளையின் கண்ணுக்குப் பிரதிபலிப்பதோ மேல் ஜன்னல். அதற்கு வெளியே வெறும் ஆகாயம். எந்தப் பிள்ளைக்காக அந்த ஜன்னலை வைத்தாரோ, அந்தப் பிள்ளையின் கண்ணைத்தான் அது மறைத்துக்கொண்டிருந்தது.

அலுவலகம் திரும்பியதும் நேரே சாமான் அறைக்குப் போய், தூசி படிந்த அட்டை வகுப்பறையை எடுத்துப் பார்த்தார். துளை, அளவுப்படி ஐந்தடிக்கு மேலே. உள்ளே காகித மனிதன், கம்பீரமாக நின்றுகொண்டிருந்தான். அவனை விட்டால் ஆள் இல்லை. பள்ளிக்கூடம் வரைந்து, பள்ளிக்கூடம் செய்து, மூன்று மாதம் மூன்று வேளையும் பார்த்தவர், அதற்குள் ஒரு பிள்ளையைக்கூட உட்கார வைக்கவில்லை. எத்தனை வருடமாக எத்தனை பேர் அந்த நெட்டைப் பயலையே ஒட்டியிருக்கிறார்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. "சீ, நானும் ஒரு ஜன்னலம்மாவா!" என்று அந்த அறையிலேயே உட்கார்ந்து அழுதார். தப்பு தெரிந்துவிட்டது. சரிசெய்வது எப்படி என்றுதான் தெரியவில்லை. மேல் ஜன்னலை மறைத்தால் மினுக்கம் போகும், கூடவே வெளிச்சமும் போகும். கரும்பலகையை வேறு சுவருக்கு மாற்றினால் இடது பக்க வெளிச்சம் கெடும். புதன்கிழமை முழுக்கப் பென்சிலைக் கடித்ததுதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அண்ணன் கடைக்குப் போய்விட்டார். மனசு சரியில்லாவிட்டால் அங்கேதான் போவார். அண்ணன் தன் மூலையில், விளக்குக்கு அடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தார். இப்போது அவருக்கு அறுபத்து நான்கு. சோடாபுட்டிக் கண்ணாடி.

"என்ன பாப்பா, முகம் ஏன் இப்படித் தொங்குது? உன் வீட்டுக்காரன் ஏதாவது சொன்னானா?"

"அவரு சொன்னா நான் கேட்டுக்கிட்டா இருப்பேன்? இது ஆபீஸ் விவகாரம்" என்று எல்லாவற்றையும் கொட்டினார். அண்ணன் வேலையை நிறுத்தாமலே உம் கொட்டினார். பிறகு ஒரு கைக்கடிகாரத்தை நீட்டினார்.

"கண்ணு அசந்து போச்சு. மணி சரியா காட்டுதான்னு பார்த்துச் சொல்லு."

ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஜன்னலம்மா அதை வாங்கிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலண்ணா. ஒரே வெள்ளையா மின்னுது."

"கொஞ்சம் சாய்ச்சுப் பாரேன்."

சாய்த்தார். விரல் நுனியளவு. கண்ணாடியில் விழுந்திருந்த ஜன்னல் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. முள், எண்கள், தயாரிப்பாளர் பெயர் எல்லாம் அப்படியே எழுந்து நின்றன. மணி நாலு ஐம்பது.

ஜன்னலம்மா வாட்சை நிமிர்த்தினார். வெள்ளை. சாய்த்தார். நாலு ஐம்பது.

"அண்ணா! இது எப்படி?"

"இதுல என்ன எப்படி? தொழிலுக்கு வந்த முதல் நாளே இதைத்தான் கத்துக்குவோம். கண்ணாடி மின்னினா கண்ணாடியைச் சாய்ச்சுக்கணும். இதுக்குப் போய் வாயைப் பிளக்கறியே."

அந்தப் பேச்சை ஜன்னலம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவர் மண்டைக்குள் ஆறு கரும்பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. வாட்சை மேசையில் வைத்தாரா, வைத்துவிட்டுச் சொல்லிக்கொண்டு கிளம்பினாரா, ஒன்றும் ஞாபகம் இல்லை. தெருமுனை போன பிறகுதான் செருப்பை மாற்றிப் போட்டிருப்பது தெரிந்தது. ஒன்று அவருடையது, இன்னொன்று அண்ணனுடையது.

வியாழக்கிழமை தச்சரைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். கரும்பலகையைச் சுவரிலிருந்து கழற்றி, மேல் விளிம்புக்குப் பின்னால் நாலு விரல் கனத்தில் இரண்டு கட்டைகள் வைத்து, மறுபடி மாட்டச் சொன்னார். பலகையின் தலை பிள்ளைகளைப் பார்த்து லேசாகக் குனிந்தது. இப்போது உட்கார்ந்திருக்கிற கண்ணுக்கும் அதில் விழுவது ஆகாயம் இல்லை, கீழ் ஜன்னலின் பழுப்புச் சுவர்தான். தச்சருக்குப் பொறுக்கவில்லை.

"என் சர்வீஸ்ல ஒரு பலகையைக் கோணலா மாட்டினதில்லைம்மா. யாராவது கேட்டா நான் மாட்டலைன்னு சொல்லிடுவேன்."

"தாராளமா சொல்லுங்க. முதல்ல இங்க வந்து உட்காருங்க."

தச்சர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து, பலகையை இன்னும் சாய்க்காத பக்கத்து அறைக்குப் போய் அங்கேயும் உட்கார்ந்து பார்த்தார். திரும்பி வந்து, மீதி ஐந்து பலகைகளுக்கும் கட்டை அறுக்க ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை காலை. முற்றத்தில் செங்கல் இறங்கியிருந்தது. கொத்தனார் கலவையைப் புரட்டிக்கொண்டிருந்தார். பெரிய இன்ஜினியர் வந்து இறங்கினார். ஜன்னலம்மா நேற்றுவரை அவரிடம் கெஞ்சிக் கேட்டே பழகியவர். இன்று வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"சார், அடைக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நீங்க அந்த பெஞ்சுல உட்காரணும்."

"விளையாடறீங்களா? அது ரெண்டாம் வகுப்பு பெஞ்சு."

"அதனாலதான் சார்."

அவர் மறுத்திருப்பார். ஆனால் பின்னாலிருந்து தலைமையாசிரியை, "உட்காருங்க சார்" என்றார். கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னார். பெரிய இன்ஜினியர் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் இரண்டும் காதுக்கு வந்தன. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜன்னலம்மா தச்சரைப் பார்த்துக் கையசைத்தார். கட்டைகளை எடுத்துவிட்டு, தச்சர் பலகையைச் சுவரோடு நேராக அழுத்திப் பிடித்தார்.

"ஒண்ணும் தெரியலையே" என்றார் பெரிய இன்ஜினியர்.

தச்சர் பலகையின் தலையை நாலு விரல் முன்னால் சாய்த்தார்.

பெரிய இன்ஜினியர் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துப் படித்தார். மூவேழு இருபத்தொன்று வரை வந்துவிட்டார். நிமிர்ந்து மேல் ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பக்கத்துச் சிறுமியின் நோட்டைப் பார்த்தார். அதன்மேல் நிழல் இல்லாமல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.

"அடக் கடவுளே, இவ்வளவுதானா? சாய்ச்சா போதுமா? இது யாரு சொன்னது உங்களுக்கு?"

"எங்க அண்ணன் சார். வாட்ச் ரிப்பேர் பண்றவரு."

"ஓ. அவங்களுக்கெல்லாம் ஜன்னல் வெளிச்சம் ஒரு தொந்தரவே இல்லைன்னு சொல்லுங்க. கூசினா சாய்ச்சுக்குவாங்க."

"ஆமா சார்" என்றார் ஜன்னலம்மா. சொன்ன வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அங்கே நடந்தது எதுவும் அவருக்குச் சரியாக மனதில் பதியவில்லை. பெரிய இன்ஜினியரை இரண்டு கையையும் பிடித்து எழுப்பியது, "புரட்டின கலவையை நான் என்ன பண்றது?" என்று கொத்தனார் சண்டை போட்டது, தலைமையாசிரியை அவரைக் குழாயடித் தளத்தைப் பூசச் சொன்னது, பிள்ளைகள் ஓவென்று கத்தியது, எல்லாம் எங்கேயோ தூரத்தில் நடந்தன. "இனிமே நம்ம மாதிரி எல்லாத்திலயும் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை ஒட்டுங்கம்மா" என்று பெரிய இன்ஜினியர் சொன்னதற்கு மட்டும் தலையாட்டினார். மதியமே விடுப்புச் சொல்லிவிட்டு, அண்ணன் கடைக்குப் போனார்.

அண்ணன் வழக்கம் போல மூலையில் இருந்தார். "என்னாச்சு பாப்பா? ஜன்னல் பிழைச்சுதா?"

"பிழைச்சுது. ஆறும் பிழைச்சுது." ஜன்னலம்மா உட்காரவில்லை. "அண்ணா, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. தொழிலுக்கு வந்த முதல் நாளே சாய்க்கக் கத்துக்கிட்டேன்னு சொன்னியே."

"ஆமா."

"அப்போ வெளிச்சம் கண்ணு கூசுதுன்னு என்னை ஜன்னல் பக்கம் உட்கார வச்சியே, அது?"

அண்ணன் உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து எடுத்தார். அதைத் துடைத்தார். துடைத்ததையே இன்னொரு தடவை துடைத்தார்.

"அது ஆச்சு நாப்பத்தி நாலு வருஷம். இப்ப என்ன அதுக்கு?"

"வாட்ச்சைச் சாய்ச்சுக்கிட்டு நீ அங்கேயே உட்கார்ந்திருக்கலாமேண்ணா. ஏன் நகர்ந்தே?"

"ஜன்னல் ஒண்ணுதானே இருந்துச்சு?" என்றார் அண்ணன். இதிலென்ன கேள்வி என்கிற மாதிரி சொன்னார்.

ஜன்னலம்மாவுக்குக் கண்ணை நிறைத்துக்கொண்டு வந்தது. இந்த மூலையைப் பார்த்தார், சுவரில் பதிந்திருந்த தலை எண்ணெய்க் கறையைப் பார்த்தார், அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடியைப் பார்த்தார்.

"சரி, அது வீட்டுல. இங்கே? நான் பைத்தியக்காரி அளவு நாடாவைத் தூக்கிக்கிட்டு வந்து உன்னை இருட்டுல தள்ளினேனே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?"

"எப்படித் திறக்கறது? எனக்காக நீ போட்ட முதல் வரைபடம் அது. எவ்வளவு ஆசையா போட்டே. அதைப் போய் வேண்டாம்னு சொல்றதா?"

"இருபது வருஷம்ண்ணா!"

"பழகிப் போச்சு, விடு. நீ படிச்சே, ஆளானே. உன்னால நூறு பிள்ளைங்க வெளிச்சத்துல உட்கார்ந்திருக்கு. எனக்கு என்ன குறை?"

ஜன்னலம்மா அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த விரல்களை அவர் அப்படிப் பிடித்ததே இல்லை. "என் தலையெழுத்தை மாத்துனது ஜன்னல்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீதாண்ணா. நீதான். எனக்குத் தெரியாமலே போயிருக்குமே" என்றார். அண்ணன் கையை விடுவித்துக்கொண்டு, எதையோ தேடுகிறவர் போல இழுப்பறையைத் திறந்து திறந்து மூடினார்.

பிறகு ஜன்னலம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எழுந்திரு. மேசையோட அந்தப் பக்கத்தைப் பிடி."

"எதுக்கு?"

"பிடின்னா பிடி."

"ஏய், திருகெல்லாம் கொட்டிடும் பாப்பா!"

"கொட்டினா பொறுக்கிக்கலாம். இனிமேதான் உனக்குக் கண்ணு தெரியுமே."

இரண்டு பேருமாக மேசையை இழுத்து ஜன்னலோரம் போட்டார்கள். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வருகிற மாதிரி ஜன்னலம்மா அதைத் திருப்பி வைத்தார். வெள்ளைத்தாளை விரித்துப் பென்சிலை நிறுத்திப் பார்த்தார். நிழலின் ஓரம் மெத்தென்று இருந்தது. அண்ணன் உட்கார்ந்து ஒரு வாட்சைக் கையில் எடுத்தார். கண்ணாடி மின்னியது. கொஞ்சம் சாய்த்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.